பைபாஸும் உடல் பருமனும்: சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஞ்சியோகிராம் முடிந்து, "மூன்று குழாயிலும் அடைப்பு, ஸ்டென்ட் சரிவராது, பைபாஸ்தான்" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று செலவு. இன்னொன்று, நோயாளி சற்றுப் பருமனானவர் என்றால், "இந்த உடம்புக்கு ஆபரேஷன் தாங்குமா?" என்பது. முதல் பேச்சு உரக்க நடக்கும். இரண்டாவது, நோயாளியின் காதில் விழாதபடி வராந்தாவில் நடக்கும். அந்த வராந்தாக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் நோயாளியின் ஆஞ்சியோ படத்தையும் எக்கோ அறிக்கையையும் பார்த்தவர் உங்கள் மருத்துவர். இதில் உள்ளது பொதுவான விவரம். அவர் சொல்வது உங்களுக்கே உரியது.

அப்பாவுக்கு 102 கிலோ. இந்த எடையில் பைபாஸ் செய்வார்களா?

செய்வார்கள். எடையை மட்டும் காரணம் காட்டிப் பைபாஸை மறுப்பது அபூர்வம். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் அறுவை அரங்குகள் எல்லா எடைக்காரர்களையும் பார்த்துவிட்டன. மருத்துவர்கள் முதலில் பார்ப்பது எடையை அல்ல. இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்கி விரிகிறது, சிறுநீரகம் எப்படி, நுரையீரல் எப்படி, சர்க்கரை எந்த நிலையில், எவ்வளவு அவசரம் என்பவற்றைப் பார்ப்பார்கள். எடை அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் தலைப்பில் இல்லை.

எவ்வளவு இருந்தால் 'உடல் பருமன்' என்பார்கள்? அப்பாவைப் பார்த்தால் குண்டாகவே தெரியவில்லையே?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. 165 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை என்றால் ஏறத்தாழ 28.7 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 30-க்கு மேல்தான் பருமன்; அதன்படி இவர் 'சற்று எடை கூடியவர்' மட்டுமே. இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கில் 23-லேயே எடை கூடுதல் தொடங்கிவிடுகிறது, 25-லேயே பருமன். ஆக இவர் பருமனானவர்தான். நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே கொழுப்பு வயிற்றுக்குள் சேர்ந்து, சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் கிளப்பிவிடுகிறது என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான்: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். 'பார்த்தால் குண்டாகத் தெரியவில்லை' என்ற சான்றிதழ் நம் ஊரில் ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

அதனால் இடுப்பையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. கால்சட்டை அளவைச் சொல்லி நழுவாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்டுக்கு எப்போதும் 34தான் வரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப் பிடிக்க வேண்டும். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 28.6 சதவீதத்தினருக்கு உடல் பருமனும் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமனும் இருந்தன. பி.எம்.ஐ. கணக்கில் தப்பித்துவிட்டு டேப்பில் மாட்டுகிறவர்கள் பலர்.

பருமனானவர்களுக்கு ஆபரேஷன் மேசையிலேயே உயிருக்கு ஆபத்து அதிகம் என்கிறார்களே?

பெரும்பாலோர் நினைப்பது அப்படித்தான். ஆனால் பல நாடுகளில், பல்லாயிரம் நோயாளிகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது வேறு சித்திரம் தெரிந்தது. பைபாஸுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இறப்பவர்களின் விகிதம், சற்று எடை கூடியவர்களிடமும் மிதமான பருமன் உள்ளவர்களிடமும், 'சரியான எடை' உள்ளவர்களைவிட அதிகமாக இல்லை. சில ஆய்வுகளில் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆபத்து ஏறுவது இரு முனைகளிலும்: எலும்பும் தோலுமாக இருப்பவர்களிடம் நன்றாகவே ஏறுகிறது, பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டிய மிகப் பருமனானவர்களிடமும் ஏறுகிறது. மருத்துவ உலகம் இதற்கு 'பருமன் முரண்' என்று பெயர் வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி? மெலிந்தவர்களில் பலர், நோயால் மெலிந்தவர்கள். நாள்பட்ட இதயச் செயலிழப்பு, காசநோய், புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவை தசையைக் கரைத்துவிட்ட உடம்பில் அறுவையைத் தாங்கச் சேமிப்பு இருக்காது. இன்னொன்று வயது: பருமனானவர்கள் இளம் வயதிலேயே அடைப்பு வந்து மேசைக்கு வந்துவிடுகிறார்கள், 52 வயதுக்காரரையும் 71 வயதுக்காரரையும் ஒப்பிட்டால் யார் எளிதில் தேறுவார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, ரத்தம். பெரிய உடம்பில் ரத்தமும் அதிகம். அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கும்போது சேரும் திரவத்தால் அது அவ்வளவாக நீர்த்துப்போவதில்லை. அதனால் ரத்தம் ஏற்றும் தேவை குறைகிறது. ரத்தப்போக்குக்காக மறுபடி மார்பைத் திறப்பதும் பருமனானவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. நான்காவது காரணத்தை அறுவை மருத்துவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை: மிகப் பருமனாகவும் பல நோய்களோடும் இருப்பவர்களில் சிலரை அவர்கள் அறுவைக்கே எடுப்பதில்லை. மேசைக்கு வருபவர்கள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள்.

அப்படியென்றால் எடை இருப்பது நல்லதுதானே!

இல்லை. அந்த அடைப்பு வந்ததற்கே அந்த எடையும் அது கூட்டிவந்த சர்க்கரையும் கொதிப்பும் காரணமாக இருந்திருக்கலாம். மேலே சொன்னது முதல் மாத உயிர்க்கணக்கு மட்டும். சிக்கல்களின் கணக்கு வேறு.

பிறகு எங்கேதான் சிக்கல் வருகிறது?

முதலில் மார்புப் புண்ணில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தார் கவனித்தால் பெருமளவு தடுக்கவோ முன்கூட்டியே கண்டுபிடிக்கவோ முடிவது இதுதான்.

பைபாஸில் நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் இறுக்கி மூடுகிறார்கள். எலும்பு ஒன்றுகூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பருமனான உடம்பில் இரண்டு பக்கச் சதையும் கைகளின் பாரமும் அந்தக் கோட்டை இரு திசையிலும் இழுத்துக்கொண்டே இருக்கும். இறுக்கமான ரவிக்கையின் தையல் எங்கே முதலில் விடும் என்று தையல்காரருக்குத் தெரியும், அதே கதைதான் இங்கும். தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் குறைந்த இடத்துக்குக் கிருமி எதிர்ப்பு மருந்தும் (ஆன்டிபயாடிக்) குறைவாகத்தான் போகும். அதனால்தான் 120 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவைக்கு முன் கொடுக்கும் செஃபாசோலின் மருந்தை 2 கிராமுக்குப் பதில் 3 கிராமாகக் கொடுக்கிறார்கள்.

நெஞ்செலும்பு வரை போகும் ஆழமான கிருமித்தொற்று, பைபாஸ் செய்துகொண்ட நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. பருமனானவர்களிடம் இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ ஆகிறது. சர்க்கரையும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். வந்துவிட்டால் மறு அறுவை, வாரக்கணக்கில் ஊசி மருந்து, சிலருக்கு உயிராபத்து. பெரும்பாலும் இது மருத்துவமனையில் இருக்கும்போது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்தபின், இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் தலைகாட்டும். "நல்லாத்தான் இருந்தார்" என்று எல்லோரும் சொல்லும் நேரம் அது.

சென்னையின் புழுக்கம் இதில் ஒரு தனிக் கட்சி. வியர்வை ஊறும் மடிப்புகளில் பூஞ்சை வரும், அது புண்ணை நோக்கி நகரும். மார்பின் கீழ்மடிப்பு, தொப்பை மடிப்பு, தொடை இடுக்கு ஆகிய மூன்றையும் நாள்தோறும் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர வையுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம். புண்ணில் மஞ்சளோ தேங்காயெண்ணெயோ திருநீறோ தடவ வேண்டாம். திருநீறு நெற்றியோடு நிற்கட்டும்.

காலில் எதற்குக் கிழித்தார்கள்? அங்கேதான் நீர் கசிகிறது.

அடைப்பைச் சுற்றி ரத்தம் போக இதயத்தில் வைக்கும் ஒட்டுக்குழாய்க்காகக் காலின் தோலடிச் சிரையை எடுக்கிறார்கள். பருமனானவர்களுக்கு மார்பைவிடக் கால்புண்தான் அடிக்கடித் தொல்லை தரும். தொடையில் நீளமாகத் திறந்த இடம் மெதுவாகத்தான் ஆறும். சிறு துளை வழியே கருவியை விட்டுச் சிரையை எடுக்கும் முறை சில மருத்துவமனைகளில் உண்டு. அதில் புண் தொற்று தெளிவாகவே குறைகிறது. அறுவைக்கு முன்பே "இவருக்கு அந்த முறை ஆகுமா?" என்று கேட்டுவிடுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். முக்காலி வேண்டாம், முழங்காலும் தாங்கப்படும்படி தலையணையோடு வையுங்கள்.

வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தாமதமாகும் என்று மயக்க மருத்துவர் சொன்னார். ஏன்?

மல்லாந்து படுத்த நிலையில் தொப்பையின் பாரம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் திரையான உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலின் அடிப்பகுதியைச் சுருக்கிவிடுகிறது. மார்பு வலிக்குப் பயந்து நோயாளி ஆழமாக மூச்சிழுக்காமல் இருந்தால் அந்தப் பகுதி சுருங்கியபடியே நின்று, சளி தேங்கி, நிமோனியா வரை போகலாம். அதனால் வென்டிலேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஓரிரு நாள் கூடுதலாக இருக்க நேர்வது வழக்கம்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கலங்க வேண்டாம்.

மூன்று பந்து உள்ள ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுப்பார்கள். அதில் நம்மவர்களில் பாதிப் பேர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயை வாயில் இறுகக் கவ்வி, மெல்ல ஆழமாக இழுத்தால் பந்துகள் எழும். எழுந்த பந்தை இரண்டு மூன்று விநாடி நிறுத்திப் பிறகு மூச்சை விட வேண்டும். 'டப்'பென்று மூன்று பந்தையும் தூக்கிக் காட்டுவது சாகசமே தவிரப் பயிற்சி ஆகாது. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. அறுவைக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிப் பழகியவர்கள் பிறகு தடுமாறுவதில்லை. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்வது வலிக்காக மட்டுமல்ல, எலும்புக்காகவும்தான்.

இன்னொரு விஷயம்: குறட்டை. இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது நோயாளி அல்ல, பக்கத்தில் படுப்பவர். சத்தமான குறட்டை, நடுவே சில விநாடி மூச்சு நின்று திடுக்கென்று திரும்புவது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது ஆகியவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். சட்டைக் கழுத்தளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர்களிடம் இது அதிகம். மயக்க மருந்துக்கும் வலி மருந்துக்கும் பின் இது ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் முகமூடிக் கருவியோடு தயாராக இருப்பார்கள். "குறட்டையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா" என்று கூச்சப்படுகிற குடும்பங்கள் நிறைய.

வேறு என்ன சிக்கல்?

இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் நூறில் 20 முதல் 40 பேருக்கு இது வருகிறது, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், பருமனானவர்களிடம் கூடுதல். மருந்தில் அடங்கிவிடும், சிலருக்குச் சில வாரம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தேவைப்படும். சிறுநீரகம் தற்காலிகமாகச் சுணங்குவதும் பருமனானவர்களிடம் அதிகம். இவை பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே கவனிக்கப்பட்டுவிடும்.

மூன்று வாரம் தவணை கொடுங்கள், எடையைக் குறைத்துக்கொண்டு வருகிறோம் என்று கேட்கலாமா?

கேட்கலாம். பெரும்பாலும் 'வேண்டாம்' என்பார்கள், அது சரியும்கூட. இடது பிரதானக் குழாயில் அடைப்பு, ஓய்விலும் நெஞ்சுவலி என்றெல்லாம் இருந்தால் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அவசரமில்லாத நிலையிலும், மூன்று வாரம் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்து குறைக்கும் ஐந்து கிலோவில் பெரும்பகுதி நீரும் தசையும்தான். தசை போனால் அறுவைக்குப் பின் எழுந்து நடக்க வலு இருக்காது. புண் ஆறப் புரதமும் இருக்காது. பருமனாகவும், ஆனால் புரதக் குறைவோடும் ஒருவர் இருக்க முடியும் என்பதை நம் வீடுகள் நம்ப மறுக்கின்றன. மூன்று வேளையும் அரிசியும் உருளைக்கிழங்குமாக இருக்கும் தட்டு அதைத்தான் செய்கிறது.

கிடைக்கும் சில நாட்களில் பயன் தருபவை வேறு: புகையை அன்றே நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, மூச்சுப் பயிற்சி, பல்லில் சீழ் இருந்தால் பார்த்துவிடுவது, தோலில் புண்ணோ படையோ இருந்தால் மறைக்காமல் காட்டுவது. மார்பு முடியை வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு 'தயாராக' வர வேண்டாம். பிளேடு போடும் நுண்கீறல்களில் கிருமி குடியேறும். மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். செமாகுளுடைட், டிர்செபடைட் வகை மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு மிஞ்சியிருந்து, மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போகக்கூடும். எப்போது நிறுத்துவது என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்வார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது, பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிடப் பாதுகாப்பானது.

பின்னாளில் இந்த ஊசிக்கு இடமுண்டா என்றால், உண்டு. ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள, எடை கூடிய, ஆனால் சர்க்கரை இல்லாத 17,604 பேரை வைத்து நடந்து 2023-இல் முடிவு வெளியான செலக்ட் ஆய்வில், செமாகுளுடைட் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தன. நூறு பேரில் 8 பேருக்கு நேர்ந்தது ஆறரைப் பேராகக் குறைந்தது என்று படித்தால் பயனின் அளவு சரியாகப் புரியும். விலையும் குமட்டலும் உங்கள் கணக்கு. அறுவை முடிந்த கையோடு, பசியே இல்லாத வாரங்களில் இதைத் தொடங்குவதில் பொருளில்லை.

சர்க்கரையும் இருக்கிறது, எடையும் இருக்கிறது. எது முக்கியம்?

இப்போதைக்குச் சர்க்கரை. அறுவையின்போதும் அடுத்த சில நாட்களும் 180-க்குக் கீழே வைத்திருக்க இன்சுலின் சொட்டாக ஏறும். "இதுவரை மாத்திரைதானே, ஊசி பழகிவிடுமே" என்று தடுக்காதீர்கள், பழகாது. இரண்டு மார்புத் தமனிகளையும் ஒட்டுக்குழாயாக எடுக்கலாமா என்பதை மருத்துவர் யோசிப்பதும் இந்த இடத்தில்தான். நெஞ்செலும்புக்கு ரத்தம் தருபவை அவையே. சர்க்கரையும் பருமனும் சேர்ந்தவரிடம் இரண்டையும் எடுத்தால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கூடும். அதனால் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்தபின் என்ன கொடுப்பது?

இங்கேதான் இரண்டு கட்சிகள் மோதும். பெரியம்மா கட்சி: "நெஞ்சைப் பிளந்து வந்திருக்கிறான், தெம்பு வேண்டும்" என்று ஆட்டுக்கால் சூப், நெய் ஊற்றிய பருப்புச் சோறு, பார்க்க வருபவர்கள் எல்லோரும் கொண்டுவரும் சத்துமாவு டப்பாக்கள். மகள் கட்சி: இணையத்தில் படித்துவிட்டு, முதல் நாளிலிருந்தே எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, இரவில் இரண்டு துண்டு பப்பாளி. இரண்டுமே நோயாளிக்கு நல்லதல்ல. என்னைக் கேட்டால் முதல் ஆறு வாரத்துக்கு மகள் கட்சிதான் கூடுதல் ஆபத்து. புண்ணும் எலும்பும் ஆறும் காலத்தில் எடை குறைப்பு உணவு வேண்டாம். அளவான சோறு, ஆனால் ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்க வேண்டும்.

காலையில் இட்லிக்குச் சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பாரும் இரண்டு முட்டை வெள்ளையும். மதியம் சோற்றைக் குறைத்துக் கூட்டு, கீரை, குழம்பு மீன் ஒரு துண்டு, மோர். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல். இரவு கோதுமை தோசை அல்லது அடை. சைவர்களுக்குப் பயறு, பன்னீர், தயிர். முதல் பத்து நாள் வாய் கசக்கும், எதுவும் பிடிக்காது. சிறிது சிறிதாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மலச்சிக்கல் வந்தால் முக்கக் கூடாது, ஆகவே கீரையும் வாழைத்தண்டும் தட்டில் இருக்கட்டும்.

உப்பு விஷயத்தில் மட்டும் மகள் கட்சி சரி. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகிய நான்கும் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தீர்த்துவிடும். 'உப்புக்குப் பதில் இந்துப்பு' என்பது உப்புக்குப் பதில் உப்புதான். உறவினர் வாங்கிவரும் இளநீர், சிறுநீரகம் சுணங்கியவர்களுக்கும் சில ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டில் தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள். இளைத்தாரா என்று பார்க்கத்தானா?

இல்லை, நீர் சேர்கிறதா என்று பார்க்க. காலையில் கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே இயந்திரத்தில் பார்த்து நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். பருமனான காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. எடை இயந்திரத்துக்குத் தெரியும்.

மாமியாருக்கு 63 வயது, உடம்பு கனமானவர். பெண்களுக்குத் தனியாக ஏதாவது?

உண்டு, அதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. கனத்த மார்பகங்களின் பாரம் மார்புத் தையலின் கீழ்ப்பகுதியை இருபுறமும் இழுக்கும்; தொற்று தொடங்குவதும் பெரும்பாலும் அந்தக் கீழ்முனையில்தான். மருத்துவமனையில் எழுந்து உட்காரத் தொடங்கியதும், கம்பியில்லாத, முன்பக்கம் கொக்கி உள்ள, நன்றாகத் தாங்கும் பருத்தி உள்ளாடை தேவை. வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரியதாக முன்பே இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். "வீட்டில்தானே இருக்கிறேன்" என்று நைட்டியோடு இருப்பது இந்தச் சமயத்தில் சௌகரியம் அல்ல, புண்ணுக்குக் கேடு. பெண்களுக்கு இதயக் குழாய்களும் ஆண்களைவிடச் சிறியவை. அறுவைக்கு வரும் வயதும் கூடுதல். மாமியார் எழுந்த மூன்றாம் நாள் அடுப்படிக்குள் நுழைவார். நுழையவிடாதீர்கள்.

எப்போது நடக்கலாம்? எதைத் தூக்கக் கூடாது?

மருத்துவமனையிலேயே நடக்கவைப்பார்கள். வீட்டில் முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை. பிறகு மெல்லக் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மொட்டை மாடியை விட்டுவிட்டு வீட்டுக்கூடத்திலேயே நடக்கலாம். மெரினா மணலும் பெசன்ட் நகர் மணலும் இப்போதைக்கு வேண்டாம், மணலில் கால் வாங்கும் உழைப்பு இதயத்துக்கு மிகை. அரசின் எட்டு கிலோமீட்டர் 'ஹெல்த் வாக்' பாதை சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் எட்டு வாரத்துக்குத் தூக்கவோ தள்ளவோ கூடாது. சென்னை வீட்டில் இதற்குப் பொருள்: 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்கக் கூடாது, லாரித் தண்ணீர்க் குடம் கூடாது, சிலிண்டரை உருட்டக் கூடாது, பேரனைத் தூக்கக் கூடாது. இருசக்கர வாகனமும் அதுவரை வேண்டாம்; ஷேர் ஆட்டோவும் வேண்டாம், நம் தெரு வேகத்தடைகள் நெஞ்செலும்பைச் சோதிக்கும். கனமானவர்கள் படுக்கையிலிருந்து எழும்போது இரு கைகளையும் பின்னால் ஊன்றி உந்துவார்கள். அந்த ஓர் அசைவுதான் எலும்பைப் பிரிக்கும். ஒருக்களித்துத் திரும்பி, காலை முதலில் கீழே போட்டு, பிறகு எழ வேண்டும்.

எடையைக் குறைத்தால் ஒட்டிய குழாய்கள் நீடிக்குமா?

இடது மார்புத் தமனியை ஒட்டியிருந்தால், பத்து ஆண்டு கழித்தும் 90 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகளில் பத்து ஆண்டில் பாதிக்குச் சற்றே மேல்தான் மிஞ்சும். அந்தச் சிரைகளை அடைப்பது கெட்ட கொழுப்பும் சர்க்கரையும் கொதிப்பும் புகையும். வயிற்றுப் பருமன் முதல் மூன்றையும் தூண்டிவிடும். ஆகவே எடையை மட்டும் பார்த்து மகிழ்வதைவிட, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவைப் பாருங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு 55-க்குக் கீழே என்பது இன்றைய இலக்கு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும், ஆஸ்பிரினையும், 'எடை குறைந்துவிட்டதே' என்று நிறுத்துகிறவர்கள் மறுபடி ஆஞ்சியோ மேசைக்கு வர நேரலாம்.

இரண்டாம் மூன்றாம் மாதத்திலிருந்து எடைக் குறைப்பைத் தொடங்கலாம். 90 கிலோக்காரர் ஓராண்டில் ஐந்து முதல் ஒன்பது கிலோ குறைத்தால் போதும். சர்க்கரையும் கொதிப்பும் அதற்கே இறங்கிக் கொடுக்கும். பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ளவர்களுக்கு இரைப்பை அறுவை பின்னாளில் ஒரு வழி. இதயம் நிலைபெற்ற பின் இரு துறை மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

செலவு கூடுமா? காப்பீட்டில் வருமா?

வென்டிலேட்டர் நாளும் புண் சிகிச்சையும் நீண்டால் தனியார் மருத்துவமனையில் கூடத்தான் செய்யும். 'பேக்கேஜ்' எத்தனை நாள் வரை என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், பைபாஸ் அதில் உண்டு. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஓமந்தூரார் வளாக மருத்துவமனையிலும் இதய அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. தனியார் காப்பீடு எடுக்கும்போது படிவத்தில் எடையைக் குறைத்து எழுதியிருந்தால் அது பின்னால் வம்பாகலாம்.

வீட்டுக்கு வந்தபின் எதைக் கண்டால் உடனே போக வேண்டும்?

காய்ச்சல். புண்ணைச் சுற்றிச் சிவப்பு ஏறுவது, சீழோ கலங்கிய நீரோ கசிவது. இருமும்போதோ திரும்பும்போதோ நெஞ்செலும்பில் 'கடக்' என்ற சத்தம் அல்லது அசைவு. படுத்தால் மூச்சு முட்டுவது, மேலே சொன்ன திடீர் எடை ஏற்றம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை செய்த பிரிவுக்கு அன்றே போய்விடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ பேச்சுக் குழறலோ என்றால் 108. புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அமெரிக்காவிலுள்ள மருத்துவ உறவினருக்கு அனுப்பிவிட்டு, அங்கே விடியும்வரை காத்திருக்காதீர்கள்.